வியட்நாமுக்கு டி.டி.ஜி.எஸ். ஏற்றுமதி: ஈரம், பூஞ்சை, கன்டெய்னர் வியர்வை – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மாதவரம்_டிரேடர்

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக உள்ளூர் கோழித்தீவன ஆலைகளுக்குப் புண்ணாக்கு, தவிடு சப்ளை செய்துவருகிறோம். இப்போது முதல்முறையாக மக்காச்சோள டி.டி.ஜி.எஸ். (எத்தனால் ஆலையில் மாவுச்சத்து சாராயமாகப் போனபின் மிஞ்சும் உலர்ந்த சக்கை) ஏற்றுமதிக்கு ஆர்டர் வந்திருக்கிறது. இறங்குமிடம் ஹோ சி மின் நகரின் கேட் லாய் துறைமுகம். 40 அடி ஹைகியூப் கன்டெய்னர், 50 கிலோ பிபி (பிளாஸ்டிக் நார்) பைகள், சி.ஐ.எஃப். விலை (சரக்கு, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்தது). புரதம் குறைந்தது 26%, ஈரப்பதம் அதிகபட்சம் 12%, அஃப்ளாடாக்சின் (பூஞ்சை நச்சு) 20 பி.பி.பி.க்குள் (நூறு கோடியில் 20 பங்கு) என்று கேட்கிறார்கள்.

சரக்கு ஆந்திராவிலுள்ள ஆலையிலிருந்து லாரியில் மாதவரம் குடோனுக்கு வரும். ஏற்றுவது நவம்பரில், அதாவது நல்ல மழைக்காலத்தில். ஆலை கொடுத்த சான்றிதழில் ஈரப்பதம் 11.2% என்று இருக்கிறது. அதை நம்பி ஏற்றலாமா? வேறு எதில் கவனம் வேண்டும்?

ராயபுரம்_சர்வேயர்

தம்பி, 11.2-ங்கிறது சராசரி. அந்த நம்பர்ல ஒண்ணும் பொய் இல்ல, ஆனா உங்களுக்கு வேண்டிய விஷயம் அதுல இல்ல. பத்து மூட்டை 10%-ல இருக்கும், ரெண்டு மூட்டை 15%-ல இருக்கும். கலந்து சோதிச்சா 11-க்குக் கிட்டத்தான் வரும். பூஞ்சை சராசரியைப் பார்த்து வராது, அந்த ரெண்டு மூட்டையில வரும். அங்கேயிருந்து பக்கத்து மூட்டைக்கு ஈரமும் சூடும் போகும். கேட் லாயில கதவைத் திறக்கும்போது நடுவுல ஒரு கூடு மாதிரி கட்டி தட்டி நிக்கும்.

அதனால ஆலைக்காரங்ககிட்ட சராசரியைக் கேக்காதீங்க. "இந்த லாட்ல அதிகபட்சம் எவ்வளவு வந்துச்சு, எந்த ஷிஃப்ட்ல வந்துச்சு"ன்னு கேளுங்க. டிரையர் நின்னு திரும்ப ஓட ஆரம்பிக்கும்போது வர்ற சரக்குதான் ஈரமா இருக்கும். அந்த மூட்டையைத் தனியா வைக்கிறாங்களா, இல்ல லோடுக்குள்ள கலந்து விடுறாங்களான்னு தெரிஞ்சுக்குங்க.

லாரி வந்து இறங்கும்போது நீங்களோ உங்க நம்பிக்கையான ஆளோ குத்தூசியோட (மூட்டையைக் குத்தி சாம்பிள் எடுக்குற ஊசி) நிக்கணும். கதவுப் பக்கம் இருக்கிற மூட்டையை மட்டும் குத்திட்டு கையெழுத்துப் போடுறதுதான் இங்க வழக்கமா நடக்குது. லாரி பாதி இறங்கினதும் நடுவுல குத்துங்க, கேபினுக்குப் பின்னாடி இருக்கிற அடி வரிசையில குத்துங்க. தார்ப்பாய் ஓட்டையில மழைத்தண்ணி இறங்குற இடம் அதுதான். கை மீட்டர் வெச்சிருந்தா மக்காச்சோளத்துக்கான செட்டிங்ல டி.டி.ஜி.எஸ்.ஐ அளக்காதீங்க, தப்பாக் காட்டும். ஆய்வுக்கூட அடுப்பு முறையில வந்த நம்பரோட ஒத்துப் பார்த்து, எவ்வளவு வித்தியாசம்னு குறிச்சு வெச்சுக்கிட்டுப் பயன்படுத்துங்க.

இன்னொண்ணு, சூடு. மூட்டைக்குள்ள கம்பித் தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்க. அவசர ஆர்டர்னா டிரையர்ல இருந்து வந்த சூட்டோடயே பையில பிடிச்சு அனுப்பிடுவாங்க. வெளிக்காத்தோட சூட்டைவிட மூட்டை உள்ளே நல்லாக் கூடுதலா இருந்தா அந்த லோடை அன்னிக்கு ஏத்தாதீங்க. குடோன்ல சந்து விட்டு அடுக்கி ஆறவிடுங்க. சூடான சரக்கு கன்டெய்னருக்குள்ள போனா, உள்ளே இருக்கிற ஈரம் ஓரத்துக்கும் மேலுக்கும் நகர்ந்து கூரையில தண்ணியா நிக்கும்.

தீவன_நாமக்கல்

சர்வேயர் அண்ணன் ஈரத்தைச் சொல்லிவிட்டார். நான் நச்சைப் பற்றிச் சொல்கிறேன்.

டி.டி.ஜி.எஸ்.ஸில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. மக்காச்சோளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. நொதிக்கும்போது அது சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் போய்விடும். அஃப்ளாடாக்சின் போகாது, மிஞ்சும் சக்கையிலேயே தங்கிவிடும். ஆகவே தானியத்தில் இருந்த அளவு சக்கையில் ஏறக்குறைய மூன்று மடங்காகும். தானியத்தில் 10 பி.பி.பி. இருந்தால் அது நல்ல சோளம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதிலிருந்து வரும் டி.டி.ஜி.எஸ். 30-ஐத் தொடும். உங்கள் ஒப்பந்தம் 20. எத்தனால் ஆலைகளுக்கு உணவுக்கு உதவாத, சேதமடைந்த தானியமும் போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உலர்த்தும் சூட்டில் அஃப்ளாடாக்சின் அழிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். பூஞ்சை செத்தாலும் நச்சு அப்படியே நிற்கும்.

சாம்பிள் எடுப்பதில்தான் பெரிய பிழையே வருகிறது, கருவியில் அல்ல. நச்சு சரக்கு முழுக்கச் சமமாகப் பரவி இருக்காது. ஒரு கைப்பிடி சரக்கில் ஒன்றுமே வராமல், பக்கத்து மூட்டையில் எல்லை தாண்டி வரும். பல மூட்டைகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, மொத்தத்தையும் நன்றாக அரைத்து, கலந்து, பிறகு அதிலிருந்து ஆய்வுக்குப் பிரியுங்கள். அரைக்காமல் பங்கு பிரித்தால் மறுசோதனையில் வேறு எண் வரும், அப்போது யாரையும் குறை சொல்ல முடியாது. என்.ஏ.பி.எல். (ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள கூடத்திலேயே கொடுங்கள், அஃப்ளாடாக்சின் சோதனை அந்த அங்கீகாரத்துக்குள் வருகிறதா என்றும் கேளுங்கள். எங்கள் ஊர் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்துக்கென்றே ஆய்வுக்கூடம் இருக்கிறது. கோழிப் பண்ணையாளர்கள் தினமும் போகும் இடம் அது.

அடுத்தது புரதம். கெல்டால் முறை அளப்பது நைட்ரஜனை மட்டும்தான். யூரியா கலந்தாலும் புரதம் கூடியதாகவே காட்டும். 2007-ல் சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்து அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் செத்தன. அதுவும் இதே ஓட்டையைப் பயன்படுத்தி நடந்ததுதான். எனவே புரதத்தோடு யூரியா சோதனையும் கேளுங்கள். நிறத்தையும் பாருங்கள். தங்க மஞ்சளாக இருந்தால் நல்லது. காப்பித்தூள் நிறத்தில் கருகிய வாடையோடு வந்தால் லைசின் (கோழிக்கு வேண்டிய அமினோ அமிலம்) போய்விட்டது என்று அர்த்தம். புரத எண் சரியாகவே இருக்கும், ஆனால் கோழிக்குச் செரிக்காது. வாங்குபவரின் தீவன நிபுணர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான்.

புதுசு_பொன்னேரி

கன்டெய்னர்ல நாலஞ்சு டெசிகண்ட் (ஈரம் உறிஞ்சுற) பை தொங்கவிட்டா ஈரப் பிரச்சினை தீந்துடும்னு எங்க சப்ளையர் சொல்றாரே?

ராயபுரம்_சர்வேயர்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 40 அடி ஹைகியூப் கொள்ளளவு சுமார் 76 கன மீட்டர். 30 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து, முழுக்க ஈரம் நிரம்பினாலும், சுமார் 30 கிராம் நீராவிதான் பிடிக்கும். சரக்கே இல்லாம முழுசும் காத்துன்னு வெச்சாக்கூட ரெண்டேகால் கிலோ தண்ணி. இப்ப சரக்கைப் பாருங்க. 25 டன், 12% ஈரம். 3,000 கிலோ தண்ணி மூட்டைக்குள்ள உக்காந்திருக்கு. ஈரம் ஒரு சதவீதம் கூடினா 250 கிலோ தண்ணி கூடுது. எத்தனை பை தொங்கவிட்டு இதை உறிஞ்சுவீங்க?

பாரிமுனை_கிளியரிங்

அண்ணே, கணக்கு சரி. ஆனா அதைப் படிச்சுட்டு டெசிகண்ட் வேண்டாம்னு யாரும் முடிவு பண்ணிடக் கூடாது. சரக்கை உலர்த்துறது அதோட வேலை இல்ல. பகல்ல டெக்குல கன்டெய்னர் கூரை கொதிக்கும், ராத்திரி ஜில்லுனு ஆகும். அந்த நேரத்துல கூரையில படியற தண்ணிதான் மேல் வரிசை மூட்டையில சொட்டுது. அந்தக் கொஞ்சத் தண்ணியைப் பிடிக்கத்தான் கால்சியம் குளோரைடு பை. கூடவே சுவத்துக்கும் மேல் வரிசைக்கும் கிராஃப்ட் பேப்பர் போடணும். சரக்கு 12-க்குள்ள இருந்தா இது ரெண்டும் காப்பாத்தும். 14-ல இருந்தா எதுவும் காப்பாத்தாது.

ராயபுரம்_சர்வேயர்

ஒத்துக்கிறேன். ஆனா தொங்குற பை நிரம்பி வழியாத ரகமா வாங்கச் சொல்லுங்க. மலிவான பை நிரம்பி சரக்கு மேல உப்புத்தண்ணியா ஒழுகினதை நிறையப் பார்த்திருக்கேன்.

பாரிமுனை_கிளியரிங்

மாதவரம் சார், உங்க கேள்விக்கு என் பங்கு.

காலி கன்டெய்னர் யார்டுல இருந்து வந்ததும் ஆள் உள்ளே போய் கதவைச் சாத்தச் சொல்லுங்க. இருட்டுல ஊசி முனை அளவு வெளிச்சம் எங்கயாவது தெரிஞ்சா அந்தப் பெட்டி வேண்டாம்னு திருப்பி அனுப்புங்க. அப்படியே மூச்சை இழுத்துப் பாருங்க. முந்தின சரக்கு ரசாயனமோ தோலோ இருந்தா வாடை நிக்கும், தீவனம் அதை அப்படியே இழுத்துக்கும். தரைப் பலகை ஈரமா, எண்ணெய்க் கறை இருக்கா, பலகை இடுக்குல பழைய தானியம் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. அந்த இடுக்குலதான் கப்ரா வண்டோட புழு மாசக்கணக்குல உயிரோட கிடக்கும். டிரெய்லர்காரர் அவசரப்படுத்துவார், நீங்க அவசரப்படாதீங்க.

வியட்நாம் பூச்சி விஷயத்துல கறாரான நாடு. 2016 கடைசியில இருப்புப் பூச்சி வந்துச்சுன்னு அமெரிக்க டி.டி.ஜி.எஸ்.ஸையே நிறுத்தினாங்க. அடுத்த வருஷம்தான் திறந்தாங்க. அதனால புகைமூட்டத்தைச் சடங்காச் செய்யாதீங்க. பாஸ்பீன் மாத்திரை வேலை செய்ய நாள் கணக்குல ஆகும், பெட்டி காத்துப்போகாம இருக்கணும். மீத்தைல் புரோமைடு ஒரு நாள்ல முடியும், ஆனா அங்கீகாரம் பெற்ற புகைமூட்டக்காரர்தான் செய்யணும். எதைச் செய்யணும்னு வாங்குறவர் நாட்டு விதிதான் தீர்மானிக்கும். எல்.சி. (வாங்குறவரோட வங்கி தர்ற பண உத்தரவாதக் கடிதம்) திறக்குறதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வாங்குங்க. பைட்டோசானிட்டரி சான்றிதழுக்கு (பூச்சி, நோய் இல்லைங்கிற சான்று) மீனம்பாக்கம் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம். ஆன்லைன்ல விண்ணப்பம், ஆனா ஆய்வுக்கு நாள் பார்த்து வெச்சுக்கணும்.

இதை யாரும் லேசா எடுத்துக்காதீங்க: பாஸ்பீன் போட்ட பெட்டியில எச்சரிக்கை ஸ்டிக்கர் கட்டாயம் ஒட்டணும், என்ன மருந்து, என்ன தேதின்னு எழுதணும், இறங்குமிடத்துக்கு மெயிலும் போகணும். அங்க கதவைத் திறக்குறவரும் நம்ம லோடுமேன் மாதிரி ஒரு கூலி ஆள்தான். அந்தப் புகை உயிரை எடுத்துடும்.

எடை விஷயம்: 2016 ஜூலை 1 முதல் வி.ஜி.எம். (சரிபார்த்த மொத்த எடை) இல்லாம எந்தப் பெட்டியும் கப்பல் ஏறாது. சட்டப்படி அளந்த எடைச்சீட்டு வேணும், போன லோடு கணக்கை அப்படியே எழுதக் கூடாது.

நவம்பர் பத்தி: மழை நிக்கலேன்னா ஸ்டஃபிங்கை (பெட்டிக்குள்ள சரக்கு ஏத்துறதை) ஒத்திப் போடுங்க. திறந்த வெளியில தார்ப்பாய் பிடிச்சுக்கிட்டு ஏத்துறது நடக்கவே கூடாது. மூடிய குடோன் வாசல்ல, கூரைக்குக் கீழ டிரெய்லர் பின்பக்கம் நுழையற மாதிரி இருக்கணும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்ப மணலி, எண்ணூர் பக்கம் என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் நினைவிருக்கும். ஏத்தின பெட்டி தண்ணியில நிக்குற யார்டுல மாட்டாம இருக்க, கேட் கட்-ஆஃபுக்கு (துறைமுகம் பெட்டியை ஏத்துக்குற கடைசி நேரம்) ரொம்ப முன்னாடியே ஏத்தி வெச்சுக் காத்திருக்காதீங்க. சென்னைத் துறைமுகமா காட்டுப்பள்ளியான்னு பார்த்துத்தான் கப்பல் புக் பண்ணணும். மாதவரத்துல இருந்து ரெண்டுக்கும் வழி உண்டு, அந்த வாரம் எந்த ரோடு நகருதுன்னு டிரெய்லர் ஓட்டுறவங்களைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

காசிமேடு_மீன்தூள்

ஒரு சின்ன விஷயம். இழையைப் படிக்கிறவங்கள்ல மீன்தூள் அனுப்புறவங்களும் இருப்பாங்க. அது சாதாரணச் சரக்கு இல்ல. ஆன்டிஆக்சிடன்ட் (எண்ணெய் கெட்டுச் சூடேறாம தடுக்குறது) சேர்த்ததுன்னா யு.என். 2216 (ஆபத்துச் சரக்குக்கு ஐ.நா. தர்ற எண்), 9-ம் வகுப்பு. சேர்க்காததுன்னா யு.என். 1374, தானா தீப்பிடிக்கிற 4.2 வகுப்பு. ஏத்தும்போது மூட்டைச் சூடு 35 டிகிரியையோ, வெளிச் சூட்டைவிட 5 டிகிரியையோ, ரெண்டுல எது அதிகமோ அதைத் தாண்டக் கூடாது. எண்ணெய் மிஞ்சின புண்ணாக்கும் 1386, 2217-ன்னு இதே 4.2-ல வரும், எண்ணெய், ஈரம் அளவைப் பொறுத்தது. "தீவனம்"னு பொதுவா எழுதி சாதாரணச் சரக்கா புக் பண்ணிக் கொடுக்குற ஆளுங்க இருக்காங்க. நடுக்கடல்ல ஒரு பெட்டி புகைஞ்சா கப்பல்ல இருக்கிறவங்க உயிர் அது. தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

ஐரோப்பாவுக்குப் போறதுன்னா எதாக்ஸிக்வின்ங்கிற ஆன்டிஆக்சிடன்ட் கலந்த சரக்கு இப்ப முடியாது. டோகோபெரால் மாதிரி வேற வழி பாருங்க.

மாதவரம்_டிரேடர்

எல்லோருக்கும் நன்றி. காசிமேடு அண்ணன் சொன்னதைப் பார்த்து டி.டி.ஜி.எஸ்.ஸில் உள்ள எண்ணெய் அளவைக் குறிப்பிட்டு, அது ஆபத்துச் சரக்கில் வருமா என்று கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். இன்சூரன்ஸ் எடுத்துவிட்டால் பூஞ்சைச் சேதத்துக்குப் பணம் வருமா? அப்புறம், வாங்குபவர் "இறங்குமிடத் தரமே இறுதி" என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறார். ஏற்கலாமா?

பாலிசி_அண்ணாநகர்

சார், சரக்குக் காப்பீட்டில்தான் வேலை செய்கிறேன். நேராகவே சொல்கிறேன்.

சி.ஐ.எஃப். விலையில் விற்பவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்சம் இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் 'சி' என்ற காப்பீட்டு விதித்தொகுப்பு. கப்பல் மூழ்கினால், எரிந்தால், தரைதட்டினால் என்கிற அளவுக்குத்தான் அது. மழைத்தண்ணீர், வியர்வை எதுவும் அதில் வராது. அதைவிட விரிவான 'ஏ' எடுத்தாலும் மூன்று விலக்குகள் உங்களுக்கு நேராகப் பொருந்தும்: சரக்கின் இயல்பிலேயே உள்ள குறை, போதாத பேக்கிங், தாமதம். ஈரமாக ஏற்றி அதுவே பூத்துப்போனால் முதல் விலக்கு. சிங்கப்பூரிலோ போர்ட் கிளாங்கிலோ அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடந்து கெட்டால் மூன்றாவது. வியர்வை, சூடேறுதல் இரண்டையும் பெயர் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள், கொஞ்சம் பிரீமியம் கூடும். சேர்த்தபிறகும், ஏற்றும்போது ஈரம் எவ்வளவு என்று ஆதாரம் இல்லாவிட்டால் கிளெய்ம் நிற்காது.

சேதம் தெரிந்தால் வாங்குபவர் உடனே கப்பல் கம்பெனிக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். வெளியே தெரியாத சேதத்துக்கு டெலிவரி எடுத்து மூன்று நாள்தான், வழக்குக்கு ஒரு வருடம். இதை வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர் தாமதித்தால் இழப்பு உங்கள் தலையில் வந்து நிற்கும்.

ராயபுரம்_சர்வேயர்

மேடம் சொன்ன ஆதாரத்துக்கு ஒரு உதாரணம். நனைஞ்ச மூட்டை வந்தா சர்வேயர் முதல்ல கறை மேல சில்வர் நைட்ரேட் சொட்டு விடுவார். பால் மாதிரி வெள்ளையா திரிஞ்சா குளோரைடு இருக்கு, கடல்தண்ணி. திரியலேன்னா மழைத்தண்ணியோ வியர்வையோதான். கிளெய்ம் யார் பக்கம் போகும்னு அந்த ஒரு சொட்டு காட்டிடும். ஆனா கால்சியம் குளோரைடு பை ஒழுகியிருந்தாலும் இதே வெள்ளைதான் வரும்! நான் மேல ஒழுகாத பை வாங்கச் சொன்னதுக்கு இதுவும் காரணம். பை தொங்கின இடம், எண்ணிக்கை, ஸ்டஃபிங் போட்டோ எல்லாம் வெச்சிருந்தா அங்க இருக்கிற சர்வேயருக்கு விளக்கலாம். இல்லேன்னா வீண் சண்டை.

பாரிமுனை_கிளியரிங்

ரெண்டாவது கேள்விக்கு: அப்படியே ஏற்காதீங்க சார். வழியில நடக்குற எல்லாத்தையும் நீங்க தாங்குற மாதிரி ஆயிடும். தரம், எடை ரெண்டும் ஏற்றுமிடத்துல, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஆய்வு நிறுவனத்தோட சான்றிதழ்படி இறுதின்னு கேளுங்க. அவர் மறுத்தா, சாம்பிளை காஃப்டா 124 விதிப்படி எடுக்கணும்னு எழுதுங்க. லண்டன்ல இருக்கிற தானிய, தீவன வணிகச் சங்கத்தோட சாம்பிள் விதி அது. ரெண்டு தரப்பு ஆளும் நிக்கும்போது எடுத்து, சீல் வெச்சு, ஆளுக்கொரு செட், நடுவருக்கு ஒண்ணு.

ஈரத்துக்குப் படிநிலைத் தள்ளுபடி வைங்க. 12-க்கு மேல 13 வரைக்கும் அதே விகிதத்துல விலை குறையும், 13-க்கு மேலதான் நிராகரிக்கும் உரிமைன்னு. இது இல்லேன்னா 12.1 வந்தாலும் சரக்கைக் கைவிடுறேன்னு மிரட்டி விலை இறக்கப் பார்ப்பாங்க. சந்தை விலை இறங்கின வாரத்துல எல்லார் சரக்குலயும் குறை தெரிய ஆரம்பிக்கும்.

எல்.சி. இருக்குன்னு தைரியமா இருக்காதீங்க, வங்கி பார்க்குறது காகிதத்தை மட்டும்தான். சரக்கு நல்லா இருந்து காகிதத்துல ஒரு எழுத்து பிசகினாலும் பணம் நிக்கும்.

தவிடு_செங்குன்றம்

அரசாங்கத் தடையையும் ஒப்பந்தத்துல எழுதுங்க. 2023 ஜூலை 28-ல எண்ணெய் எடுத்த தவிட்டு ஏற்றுமதியைத் தடை பண்ணினாங்க. திரும்பத் திரும்ப நீட்டிச்சு, 2025 அக்டோபர்லதான் எடுத்தாங்க. வியட்நாம்தான் நம்ம தவிட்டுக்குப் பெரிய சந்தை, ஒரே நாள்ல போச்சு. ஒப்பந்தத்துல தடை விதி எழுதி வெச்சவங்க கௌரவமா வெளிய வந்தாங்க. எழுதாதவங்க சப்ளை பண்ணலேன்னு வாங்குறவங்களோட பேச்சுவார்த்தையில மாட்டினாங்க.

தீவன_நாமக்கல்

செங்குன்றம் அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சரக்கோடு சம்பந்தமே இல்லாத ஒன்றாலும் சந்தை மூடலாம். இந்தியக் கடுகுப் புண்ணாக்கில் மாலகைட் கிரீன் சாயம் கண்டதால் சீனா இறக்குமதியை நிறுத்தியது, 2018-ல்தான் மீண்டும் அனுமதித்தது. மூட்டையில் குறிபோடும் மை, பழைய சாக்கு, குடோனில் பக்கத்தில் அடுக்கிய உர மூட்டை எல்லாவற்றையும் பாருங்கள். பிபி பை புதிதாகவே இருக்கட்டும், அச்சு மை என்ன என்று பை தயாரிப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். ஆமணக்குப் புண்ணாக்கு வைத்த குடோன் என்றால் கூட்டிப் பெருக்கினால் மட்டும் போதாது, அங்கே தீவனமே வைக்காதீர்கள்.

மாதவரம்_டிரேடர்

இன்றைய நிலவரம்: ஷிஃப்ட் வாரியாக ஈர அளவு தர ஆலை ஒப்புக்கொண்டது. பழைய பதிவேட்டைப் பார்த்தால் ஒரு ஷிஃப்டில் மட்டும் 14.1 இருக்கிறது, அது டிரையர் நின்று ஓடிய இரவு. அந்தச் சரக்கு நமக்கு வேண்டாம், உள்ளூருக்கு உடனே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அஃப்ளாடாக்சின் வரம்பை ஆலையின் விற்பனை ஒப்பந்தத்திலும் 20 என்றே எழுத வைத்திருக்கிறேன். வாங்குபவர் படிநிலைத் தள்ளுபடிக்குச் சம்மதித்தார், ஆனால் மறுசோதனை உரிமை அங்கே வேண்டும் என்கிறார். என்னிடம் இருக்கும் சீல் சாம்பிளை எங்கே, எவ்வளவு காலம் வைப்பது?

ராயபுரம்_சர்வேயர்

பிளாஸ்டிக் கவர்ல வெச்சு குடோன் மேசைமேல போட்டுடாதீங்க. காத்து, ஈரம் புகாத டப்பா இல்ல அலுமினிய லைனிங் பை, குளிர்ச்சியான ஏ.சி. அறை. லாட் நம்பர், கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர், எடுத்த தேதி, ரெண்டு பேர் கையெழுத்து. பணம் முழுசா வந்தபிறகும் எடுத்து எறியாதீங்க. வழக்குக் காலம் ஒரு வருஷம்னு மேடம் சொன்னாங்களே, அதுவரைக்கும் இருக்கட்டும். மறுசோதனை அங்க நடந்தா, அங்க எடுக்குற புது சாம்பிள்ல இல்லாம இந்த சீல் செட்ல இருந்துதான் நடக்கணும்னு இப்பவே எழுதி வாங்கிடுங்க. ஸ்டஃபிங் தேதி முடிவானதும் சொல்லுங்க, மழை இல்லேன்னா நானே குத்தூசியோட வர்றேன்.